எந்தக் கல்லூரி, எவ்வளவு பணம்? – வாசகர் கேள்வி பதில்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். பணத்தைப் பார்ப்பதா, பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று பார்ப்பதா? இந்த முறை அப்படிப்பட்ட நான்கு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்கள் இல்லை.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு இன்ஜினியரிங் கட்-ஆஃப் 171. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். வீட்டுக்காரர் எட்டு விசைத்தறியைக் கூலிக்கு ஓட்டுகிறார், நல்ல மாதத்தில் 35,000 கையில் நிற்கும். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. அரசு பொறியியல் கல்லூரியில் சிவிலோ மெக்கானிக்கலோதான் கிடைக்கும் என்கிறார்கள். சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஃபீஸ் வருடத்துக்கு மூன்றரை லட்சம், ஹாஸ்டலும் சாப்பாடும் ஒன்றரை லட்சம். அந்த இடத்தைப் பார்த்ததிலிருந்து மகள் வேறு எதையும் பேசுவதில்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்து 15 லட்சம் லோன் வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு, அந்தக் காசுக்கு நகை எடுத்து வை" என்கிறார் என் அண்ணன். இதற்கிடையில் ஏஜென்ட் ஒருவர் 25,000 கட்டி சீட்டைப் பிடித்து வைக்கச் சொல்கிறார். தூக்கம் வரவில்லை.
– குமாரபாளையத்திலிருந்து ஒரு தாய்

பதில்: முதலில் உங்கள் அண்ணன் சொன்னதை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். இதே பிள்ளை பையனாக இருந்தால் அவர் நகைக் கணக்குப் பேசியிருப்பாரா? மகளின் படிப்புச் செலவைத் தறியின் வருமானத்தோடும் லோன் தவணையோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். கல்யாணச் செலவோடு ஒப்பிட ஆரம்பித்தால் எந்தக் கல்லூரியும் அதிகச் செலவாகத்தான் தெரியும்.

அப்புறம் அந்த ஏஜென்ட். அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கட்டுவதென்றால் கல்லூரியின் வங்கிக் கணக்கில் கட்டி, கல்லூரி பெயரிலேயே ரசீது வாங்க வேண்டும். கல்லூரியில் கட்டிய பணத்துக்கு யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இருக்கிறது: சேர்க்கையின் கடைசி நாளுக்குப் 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போதே விலகிவிட்டால், ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியை முழுவதும் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களையும் பிடித்து வைக்கக் கூடாது. ஏஜென்ட் கையில் கொடுத்த பணத்துக்கு அந்த விதி எதுவும் உதவாது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு 5 லட்சம், நாலு வருடத்துக்கு 20 லட்சம். அதில் 15 லட்சம் லோன். பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்திலேயே கணக்கை நிறுத்திவிடுகின்றன. நாம் நிறுத்த வேண்டாம். வட்டி பத்தரை சதவீதம் என்று வையுங்கள். படிக்கிற நாலு வருடமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். வருடத்துக்கு 3,75,000 என்று பணம் வாங்கினால், தவணை தொடங்கும் நாளில் 15 லட்சம் என்பது ஏறத்தாழ இருபதரை லட்சமாக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 27,600 ரூபாய் கட்ட வேண்டும். பதினைந்து வருடமாக நீட்டினாலும் மாதம் 22,600க்குக் குறையாது. கும்பலாக ஆள் எடுக்கிற பெரிய ஐடி கம்பெனிகள் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுப்பது பல வருடங்களாகவே ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பிடித்தம் போகக் கைக்கு 25,000 பக்கம் வரும். அதாவது, உங்கள் மகள் நன்றாகப் படித்து, கேம்பஸிலேயே வேலையும் வாங்கி, சம்பளத்தை ஒரு பைசா செலவழிக்காமல் அப்படியே பேங்கில் கட்டினாலும் பத்து வருடத் தவணைக்குப் போதாது, பதினைந்து வருடத் தவணை என்றாலும் கையில் மிஞ்சுவது இரண்டாயிரத்துச் சொச்சம்தான். அவள் இருபத்திரண்டு வயதில் சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை கொடுத்துச் சாப்பிட்டும் ஆக வேண்டும். மீதிக்கு உங்கள் தறிதான் ஓட வேண்டும், நூல் விலை ஏறினாலும் ஆர்டர் இல்லாவிட்டாலும்.

வீட்டுப் பத்திரத்தையும் மறந்துவிடாதீர்கள். கல்விக் கடனில் நாலு லட்சம் வரைக்கும் ஜாமீனோ அடமானமோ கேட்பதில்லை, அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன், அதையும் தாண்டினால்தான் சொத்தை அடமானம் கேட்பார்கள் என்பது வங்கிகளின் பொது வழக்கம். 2024 நவம்பரில் பிஎம் வித்யாலட்சுமி என்று ஒரு மத்தியத் திட்டம் வந்தது. அதன் பட்டியலில் உள்ள கல்லூரி என்றால் அடமானம் வேண்டாம், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும்வரை, மூன்று சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அசல் அசல்தான். பேங்க் கொடுக்கிறது என்பதும் நம்மால் திருப்பிக் கட்ட முடியும் என்பதும் ஒன்றல்ல.

எனவே என் கருத்து இதுதான்: இந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகம் உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். ஆனால் அதற்காக சிவிலில் போய்த் தள்ளுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று நிற்கிற பிள்ளையை, ஃபீஸ் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக சிவிலில் உட்கார வைத்தால், நாலு வருடமும் அவளுக்குத்தான் பாரம். சிவில் நல்ல படிப்பு, அதை விரும்பி எடுக்கிற பிள்ளைக்கு.

உங்கள் கடிதத்தில் மூன்றாவது வழி ஒன்று எழுதப்படாமலே இருக்கிறது. உங்கள் ஊரைச் சுற்றி, ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் இடையில், எத்தனை சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள்! கவுன்சலிங் மூலம் அரசு ஒதுக்கீட்டில் போனால் கட்டணக் குழு நிர்ணயித்த டியூஷன் ஃபீஸ்தான் வாங்க முடியும். 2017ல் குழு நிர்ணயித்தது 50,000, என்பிஏ என்ற தர அங்கீகாரம் உள்ள பாடப்பிரிவுக்கு 55,000. அதற்குப் பின் மாறியிருந்தால் இந்த வருடத் தொகை எவ்வளவு என்பதைக் கவுன்சலிங் உதவி மையத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்கிறீர்கள், அப்படியானால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், வருடத்துக்கு 25,000 டியூஷன் ஃபீஸில் குறையும். கவுன்சலிங்கில் வந்தால்தான் இந்தச் சலுகை, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. கல்லூரி பஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப், அவர்கள் "இதர கட்டணம்" என்று போடுகிற எல்லாம் சேர்த்தாலும் வருடத்துக்கு ஒரு லட்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். நாலு வருடத்துக்கு 4 லட்சம். முழுவதையும் லோனில் எடுத்தால்கூட அடமானம் இல்லாத வரம்புக்குள் முடிந்துவிடும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் என்ற தர அங்கீகாரமோ என்பிஏ அங்கீகாரமோ இருந்தால், படிக்கிற காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே ஏற்கிற திட்டம் இருக்கிறது. லோன் வாங்கும்போதே வருமானச் சான்றிதழோடு கேட்டு எழுதி வாங்குங்கள், பிறகு அலைய வேண்டாம். அந்த 4 லட்சத்துக்குப் பத்து வருடத் தவணை மாதம் சுமார் 5,400. ஒரு சாதாரண முதல் சம்பளத்தில் இதைக் கட்டிவிட்டு மூச்சு விடலாம்.

இனி எந்தக் கல்லூரி என்பது. இங்கேதான் மகளுக்கு முழு உரிமை கொடுங்கள், ஏனென்றால் ஃபீஸ் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வித்தியாசம் உள்ளே நடப்பதில் இருக்கிறது. சென்னையில் அவள் பார்த்தது என்ன என்று பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். ஏசி கிளாஸ், உணவுக்கூடம், பெரிய நூலகம் என்று வந்தால் அது இடத்தின் மேல் வந்த ஆசை. "லேப் ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்குமாம், சீனியர்கள் சேர்ந்து ஒரு ஆப் செய்திருக்கிறார்களாம்" என்று வந்தால் அது படிப்பின் மேல் உள்ள ஆசை, அதை நாம் இங்கே தேடித் தர வேண்டும். ஹாஸ்டல், தோழிகள், வீட்டை விட்டு வெளியே போய்ப் பார்ப்பது, இதெல்லாம்கூட நியாயமான ஆசைகள்தான். பதினேழு வயதில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதற்காக 20 லட்சம் கொடுக்க முடியாது என்று கோபப்படாமல் கணக்கோடு சொல்லுங்கள். மேலே போட்ட கணக்கை அவளையே ஒரு தாளில் போடச் சொல்லுங்கள். தவணைத் தொகையைத் தன் கையால் எழுதிப் பார்க்கிற பிள்ளைக்கு நாம் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

நாலைந்து கல்லூரிகளை அவளோடு போய்ப் பாருங்கள். அவர்கள் அழைக்கிற நாளில் போக வேண்டாம், கல்லூரி நடக்கிற சாதாரண நாளில் போங்கள். வரவேற்பறையில் உட்கார வைத்து வண்ணப் புத்தகம் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சாயங்காலம் கல்லூரி பஸ்கள் நிற்கிற இடத்துக்கு வந்துவிடுங்கள். இரண்டாம் வருடப் பெண்கள் நாலு பேரிடம் உங்கள் மகள் கேட்கட்டும்: முதல் வருடம் புரோகிராமிங் எடுத்தது யார், அந்த மேடம் இன்னும் இருக்கிறாரா? லேபில் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரா, இரண்டு பேருக்கு ஒன்றா? கிளாஸில் எத்தனை பேருக்கு அரியர்? வருடா வருடம் வாத்தியார்கள் மாறுகிற கல்லூரி என்றால் அந்தப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தே சொல்லிவிடுவார்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவத் தேர்வுவாரியாக வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வை அவர்களே நடத்துவதால் அந்தக் கணக்கை வைத்து ஒப்பிட முடியாது.

விளம்பரத்தில் 40 லட்சம் பேக்கேஜ் வாங்கிய ஒரே ஒரு மாணவரின் படத்தைப் போட்டிருப்பார்கள். அது உங்களுக்குத் தேவையில்லை. என்ஐஆர்எஃப் என்ற மத்திய அரசின் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள் கொடுத்த விவரம் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, வரிசையில் நடுவில் நிற்கிற மாணவரின் சம்பளம் எவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். அந்த நடு மாணவரைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

கவுன்சலிங்கில் எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம். மகளுக்குப் பிடித்த வரிசையில் போடுங்கள், "இது கிடைக்காது" என்று நீங்களாகவே எதையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் கிடைத்தால் சேர மாட்டோம் என்று தெரிந்த ஒரு கல்லூரியைக்கூடப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: நான் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன். மன்னார்குடி பக்கம் கிராமம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் கிடைக்கும், ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் கவர்மென்ட்டே கட்டும். எனக்குக் கணக்கு வராது, ப்ளஸ் டூவில் ஒப்பேற்றியதுதான். எனக்கு வரலாறு பிடிக்கும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் கல்வெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பி.ஏ. வரலாறு படிக்கிறேன் என்றால், "சும்மா கிடைக்கிற இன்ஜினியரிங்கை எவனாவது விடுவானா?" என்று அப்பா கோபப்படுகிறார். அவர் கூலி வேலைக்குப் போகிறார், அவரை எதிர்த்துப் பேசவும் மனசு வரவில்லை.
– திருவாரூர் மாவட்ட மாணவர்

பதில்: தம்பி, உன் அப்பா கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு கூலித் தொழிலாளியின் மகனுக்கு ஃபீஸும் ஹாஸ்டலும் கட்டி இன்ஜினியரிங் படிக்க வைக்கிறேன் என்று அரசாங்கம் சொல்வது அவர் காலத்தில் நினைத்தும் பார்த்திராத விஷயம். அதை அவர் பெரிய பாக்கியமாகப் பார்க்கிறார். இந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்காக 2021ல் வந்த சட்டத்தால் உன்னைப் போன்ற எத்தனையோ பிள்ளைகள் உள்ளே போயிருக்கிறார்கள்.

ஆனால் உனக்குக் கணக்கு வராது என்பதை நீயே எழுதியிருக்கிறாய். இன்ஜினியரிங்கில் எந்தப் பிரிவை எடுத்தாலும் முதல் இரண்டு வருடம் கணக்கு உன்னை விடாது. முதல் பருவத்தில் ஒரு அரியர், அடுத்ததில் மூன்று, அதை எழுதுவதற்குள் புதிய பாடங்கள் வந்து சேரும். நாலு வருடத்தில் முடிக்காமல் வெளியே வந்தால் உன் கையில் ஒன்றும் இருக்காது. பணம் கட்டவில்லை என்பதால் அது இலவசம் ஆகிவிடாது, உன் வயதில் நாலைந்து வருடம் போயிருக்கும். இதை அப்பாவிடம் இப்படியே சொல். அதற்கு முன்னால், கணக்கு உண்மையிலேயே வராதா, இல்லை சொல்லிக்கொடுக்க ஆள் சரியில்லாமல் போனதா என்பதை உன் கணக்கு வாத்தியாரிடம் ஒருமுறை மனம்விட்டுக் கேள். ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

உனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும், இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 7.5 சதவீத ஒதுக்கீடு இன்ஜினியரிங்குக்கு மட்டும் இல்லை. வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் அது உண்டு. ஐந்து வருட பி.ஏ., எல்.எல்.பி. படிப்பில் வரலாறும் அரசியலும் வரும், பழைய ஆவணத்தை வரிக்கு வரி படிக்கிற பொறுமை அங்கே பெரிய சொத்து. கல்வெட்டு முன்னால் நிற்கிற பையனுக்கு அந்தப் பொறுமை இருக்கும். சட்டத்தை ஒரு வாய்ப்பாக யோசித்துப் பார். அப்பாவும் "வக்கீல்" என்றால் கோபம் தணிந்து கேட்பார்.

இல்லை, வரலாறுதான் என்றால் அதற்கும் பணம் ஒரு தடை இல்லை. உன் பக்கத்திலேயே 1854ல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரி இருக்கிறது, மன்னார்குடியிலும் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. ஃபீஸ் வருடத்துக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும், அரசு பஸ்ஸில் இலவசப் பாஸ் உண்டு, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கே வரும். ஆனால் தம்பி, பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அப்பா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். முதல் வருடத்திலிருந்தே மூன்று பாதைகளைக் கண்ணில் வைத்திரு. ஒன்று டிஎன்பிஎஸ்சி, குரூப் 2வுக்கும் குரூப் 1க்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும், வரலாறு படித்தவனுக்குப் பாடத்திட்டத்தில் ஒரு பெரிய பங்கு ஏற்கெனவே கையில் இருக்கும். இன்னொன்று எம்.ஏ., பி.எட். முடித்து ஆசிரியர் வேலை. மூன்றாவது உன் ஆசைக்கு நேரானது, தொல்லியல். தமிழ்நாடு தொல்லியல் துறை முதுகலை முடித்தவர்களுக்குப் பட்டயப் படிப்பு நடத்துகிறது, மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு மைசூரில் இருக்கிறது. கீழடிக்குப் பிறகு இந்தத் துறை மேல் கவனம் கூடியிருக்கிறது. ஆனாலும் பணியிடங்கள் குறைவு, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். அதனால் அதை மட்டுமே நம்பி இருக்காதே, முதல் இரண்டில் ஒன்றையும் கூடவே நடத்திக்கொண்டு போ.

அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பம் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு முன்னாலேயே முடிந்துவிடும். வீட்டில் பேச்சு முடியட்டும் என்று காத்திருக்காதே, விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடு. சட்டப் படிப்புக்கும் அப்படியே. பேச்சு நடக்கும்போது உன் பள்ளி வரலாற்று ஆசிரியரை வீட்டுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போ. வாத்தியார் நேரில் வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசினால் அப்பாவுக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

கேள்வி: மூன்றரை வயது மகனை எல்கேஜியில் சேர்க்க வேண்டும். தாம்பரத்தில் ஒரு பெரிய சிபிஎஸ்இ பள்ளியில் வருடம் ஒரு லட்சம், பஸ்ஸில் ஒரு மணி நேரம். நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன மெட்ரிகுலேஷன் பள்ளி, 28,000. "பிள்ளைக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப் போகிறோம்" என்கிறாள் மனைவி. சம்பளம் 70,000, ஃபிளாட் லோன் 26,000 போகிறது.
– தாம்பரம் வாசகர்

பதில்: ஒரு லட்சம் ஒரு வருடத்துக்கு. எல்கேஜியிலிருந்து ப்ளஸ் டூ வரை பதினாலு வருடம். வருடத்துக்குப் பத்து சதவீதம் ஏறினால் மொத்தம் சுமார் 28 லட்சம், பஸ் கட்டணம் தனி. அதில் ஒரு பகுதியை இப்போதிலிருந்தே அவன் பெயரில் சேர்த்து வந்தால் கல்லூரிக்கு லோன் வாங்காமல் படிக்க வைக்கலாம். மேலே குமாரபாளையத்துத் தாய் தவிக்கிற தவிப்பு உங்களுக்கு வராது.

மூன்றரை வயதுக் குழந்தைக்கு எது ஒத்துவரும் என்றால் முதலில் தூரம்தான். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பஸ்ஸில் தூங்கி விழுகிற குழந்தைக்கு ஸ்மார்ட் போர்டு எதற்கு? பக்கத்துப் பள்ளிக்கு ஒரு வேலைநாளில் பதினோரு மணி வாக்கில் போங்கள். எல்கேஜி அறையில் குழந்தைகள் கீழே உட்கார்ந்து விளையாடுகிறார்களா, பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கழிவறைக்குப் போய்ப் பாருங்கள், கூட்டிப் போக ஆயா இருக்கிறாரா என்று கேளுங்கள். அழுகிற குழந்தையை டீச்சர் தூக்குகிறாரா, அதட்டுகிறாரா என்பது பத்து நிமிடம் நின்றாலே தெரிந்துவிடும். குழந்தை தமிழில் பேசினால் திட்டுகிற பள்ளி என்றால் அது எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு பள்ளியிலும் கட்டணக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2009லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. ரசீது இல்லாமல் "டொனேஷன்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் மனைவியிடம் "செலவு அதிகம்" என்று ஆரம்பிக்காதீர்கள், அது பிள்ளைக்குக் கணக்குப் பார்க்கிற மாதிரி அவருக்குக் கேட்கும். இரண்டு பேரும் சேர்ந்து அந்த அறைகளைப் போய்ப் பாருங்கள். ஆறாவதில் வேறு பள்ளிக்கு மாற்றலாம், அது பெரிய விஷயமே இல்லை. வேண்டுமானால் அப்போது செலவு செய்யுங்கள்.

கேள்வி: மகளைப் பதினோராம் வகுப்புக்கு வெளி மாவட்டத்தில் உள்ள ஒரு ரெசிடென்ஷியல் பள்ளியில், நீட் கோச்சிங்கோடு சேர்த்திருக்கிறோம். நிலத்தை ஒத்திக்கு வைத்து இரண்டு லட்சம் கட்டியாகிவிட்டது. போன் பண்ணும்போதெல்லாம் அழுகிறாள். சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, இளைத்துவிட்டாள். "ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொள், பணம் கட்டியாச்சு" என்று சொல்லி வருகிறோம். பள்ளியில் கேட்டால், எல்லாப் பிள்ளையும் முதலில் அழும், பிறகு சரியாகிவிடும் என்கிறார்கள். டாக்டர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசையும்தான். என்ன செய்வது?
– திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை

பதில்: ஐயா, சாப்பாடும் தூக்கமும் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இது முதல் வாரத்து ஏக்க அழுகை இல்லை. இதைப் படித்தவுடன் கிளம்புங்கள், மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். பள்ளியில் லீவு தர மாட்டோம் என்றால் உடம்பு சரியில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், அது உண்மைதான்.

கட்டிய இரண்டு லட்சம் போனது போனதுதான். அவள் அங்கேயே இருந்தாலும் அது திரும்பி வராது. அந்தப் பணத்தை நினைத்து அவளை அங்கே வைத்திருந்தால், ஒத்தி வைத்த நிலமும் போய், அவள் உடம்பும் மனசும் போய், கடைசியில் மார்க்கும் வராது. இதைக் கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். பணத்தைப் பற்றி அவளிடம் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்களுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பு ஏற்கெனவே அந்தப் பிள்ளைக்கு வந்திருக்கும், அதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது.

வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு நாள் எதையும் கேட்க வேண்டாம். சாப்பிட்டுத் தூங்கட்டும். அம்மா கூடவே இருக்கட்டும், தனியாக விட வேண்டாம். பிறகு, அங்கே யாராவது அடித்தார்களா, தவறாக நடந்துகொண்டார்களா, மார்க்கை வைத்து அவமானப்படுத்தினார்களா என்று அம்மாவே மெதுவாகக் கேட்கட்டும். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

டாக்டர் ஆசை போய்விடும் என்று பயப்படாதீர்கள். உள்ளூர்ப் பள்ளியில் இருந்துகொண்டும் ப்ளஸ் டூ எழுதலாம், நீட்டுக்குப் படிக்கலாம், தேவைப்பட்டால் அடுத்த வருடம் மறுபடியும் எழுதலாம். நீட் எழுத இத்தனை தடவைதான் என்று வரம்பு கிடையாது. அங்கே அடுத்த தவணையாகக் கட்ட வைத்திருந்த பணம் ஏதாவது இருந்தால் அதில் பாதி போதும், பக்கத்து ஊரில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நல்ல டியூஷன் வைக்க.

டிசி வாங்குவதில் பள்ளி இழுத்தடிக்கலாம். பாக்கி இருக்கிறது என்று சொல்லி மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது, கட்டண பாக்கி பற்றி அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் தரவில்லை என்றால் அந்த மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் அந்த நகலோடு போங்கள், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். மீதிப் பணம் ஏதாவது திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள், வந்தால் வரட்டும். ஆனால் அந்தப் பதிலுக்காக மகளை ஒரு நாள்கூட அங்கே விட்டு வைக்காதீர்கள். உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரை இந்த வாரமே பார்த்து, இதே பாடப்பிரிவில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். டிசி கைக்கு வர நாளானாலும் அவர் என்ன செய்யலாம் என்று வழி சொல்வார்.